ஈவினை தந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, செம்மண் தோட்டங்களுக்கும் ஆழமான கிணறுகளுக்கும் இடையே அமைந்த ஊர் புன்னாலைக்கட்டுவன். வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளையும் மண் அது. தமிழறிந்தோர் அவ்வூரை மகாவித்துவான் சி. கணேசையரின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்வர். 1878ஆம் ஆண்டிலே பிறந்து 1958ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அப்பெரியார், தொல்காப்பியத்துக்கு எழுதிய உரைவிளக்கக் குறிப்புகளாற் புகழ்பெற்றவர். அவர் பிறந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 1979ஆம் ஆண்டில், அதே புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த ஈவினை என்னுங் குறிச்சியிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து, கல்வியினால் அறியப்பட்ட அவ்வூருக்கு விளையாட்டினாலும் ஒரு பெயரைத் தேடித் தந்தது. அவரே இலங்கையின் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்.

தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர்; அதாவது 6 அடி 10 அங்குலம். அவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் முதலிற் குறிப்பிடுவது இதனையே. உலக வலைப்பந்தாட்ட அரங்கிலே அவரளவு உயரமுடைய வீராங்கனையைக் காண்பது அரிது. ஆயினும், உயரத்தை மட்டுங் கூறிவிட்டு நிறுத்திக்கொண்டால் அவருடைய வரலாற்றின் சிறப்பு விளங்காது. உயரமாகப் பிறந்தவர் பலர். அவ்வுயரத்தைக் கொண்டு ஒரு தொழிலை அமைத்துக்கொண்டவர் சிலரே. போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த ஒரு குடாநாட்டிலிருந்து புறப்பட்ட பெண்ணொருவர், அயல்நாட்டு அணியொன்று தேடி அழைக்கும் ஆட்டக்காரியானது எவ்வாறு என்பதே ஆராயத்தக்கது. இவ்வரலாற்றிலே பெற்றோரும் ஆசிரியரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள.

உயரம் என்பது ஆணுக்கு அழகு என்றும், பெண்ணுக்குக் குறை என்றும் எண்ணுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வயதுக்கு மீறி வளர்ந்த சிறுமியைப் பனைமரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் எந்த ஊரிலும் உண்டு. கேலி செய்பவர் அதனை மறுகணமே மறந்துவிடுவர். கேட்ட பிள்ளையோ பல நாள் மறப்பதில்லை. வகுப்பிலே பின்வாங்கில் இருக்கச் சொல்வதும், பேருந்திலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும், மங்கல வைபவங்களிலே பெரியவர்கள் தம்முள் மெல்லக் கதைத்துக் கொள்வதும், இவளுக்கு ஏற்ற மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்ற கவலையும் ஒன்று சேர்ந்து, அத்தகைய பிள்ளையைக் கூனி நடக்கச் செய்துவிடும். தர்ஜினியும் தம் இளமையில் உயரத்தின் பொருட்டு ஏளனத்துக்கு ஆளானவரே. இதனை அவரே பிற்காலத்துப் பேட்டிகளில் மனந்திறந்து கூறியிருக்கிறார். அந்த ஏளனத்தை அவர் எவ்வாறு கடந்தார் என்பதற்கு அவருடைய ஆட்டமே விடை.

அவர் பள்ளிக்குச் சென்ற காலம் எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புன்னாலைக்கட்டுவனுக்கு வடக்கே சிறிது தூரத்திலேயே பலாலி விமானத்தளம் உள்ளது. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது, அத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது. அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. தர்ஜினி கல்வி கற்ற வசாவிளான் மத்திய மகா வித்தியாலயமும் தன் சொந்த நிலத்தை இழந்து, நெடுங்காலம் வேறிடத்தில் இயங்கிய பாடசாலையாகும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுவதுமாகவே வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் சென்றனர். மின்சாரமின்றி, எரிபொருளின்றி, புத்தகங்களும் கொப்பிகளும் அரிதாகக் கிடைத்த காலம் அது. இத்தகைய நிலையிலே, சமமான ஒரு மைதானமும், இரண்டு கம்பங்களும், காற்றுப் போகாத ஒரு பந்தும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே பெரும் பேறு.

இனி, வலைப்பந்தாட்டத்தைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வது பொருத்தமாகும். 1891ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை அமைத்தார். அவ்வாட்டம் இங்கிலாந்திற்குச் சென்று, அங்குள்ள பெண்கள் கல்லூரிகளிலே மாற்றங்கள் பல பெற்று, 1901ஆம் ஆண்டில் அச்சிட்ட விதிகளோடு தனி ஆட்டமாயிற்று. பிரித்தானிய ஆட்சி நிலவிய நாடுகளிலே பெண்கள் பாடசாலைகள் வழியாக அது பரவியது. இவ்வாட்டத்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு சிறப்பான இடமுண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, உலக நாடுகளுக்குப் பொதுவான சம்மேளனம் ஒன்றை நிறுவுவதற்காகப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டிலே கூடிய இடம் கொழும்பு நகரமே. 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரிலே நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிற் பங்குகொண்ட 11 அணிகளுள் இலங்கையும் ஒன்று.

யாழ்ப்பாணத்திலே பெண்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. உடுவில் மகளிர் கல்லூரி 1824ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல மகளிர் கல்லூரிகள் எழுந்தன. வலைப்பந்தாட்டம் பின்னர் இத்தகைய பாடசாலைகளின் மைதானங்களிலே வேரூன்றிற்று. மாணவியர் அணிந்த ஆடை, ஆட்டத்திலே ஒருவரையொருவர் இடிக்கலாகாது என்ற விதி, ஏழு பேர் கொண்ட சிறு அணி ஆகியன பெற்றோரின் தயக்கத்தைக் குறைத்தன. எனினும் அவ்வாட்டம் பாடசாலையின் மதிலோடு நின்றுவிட்டது. உயர்தரப் பரீட்சை நெருங்கியதும் பந்தை வைத்துவிட வேண்டும். பரீட்சை முடிந்தால் தொழில், தொழில் கிடைத்தால் திருமணம். விளையாட்டிலே தேர்ந்த பெண்களுட் பெரும்பாலோர் இவ்வாறு பதினெட்டு, பத்தொன்பது வயதிலே மைதானத்தை விட்டு அகன்றனர். உடலும் ஆட்டமும் ஒருங்கே முதிரும் பருவமோ அதற்குப் பிந்தியது.

தர்ஜினியின் வரலாறு இவ்விடத்திலேதான் வேறு வழியிற் செல்கின்றது. பாடசாலைக் கல்வியின் பின்னர் அவர் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயின்றார். பின்னர் அவருடைய பாதை கொழும்புக்குத் திரும்பியது. இலங்கையிலே வலைப்பந்தாட்டம் ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் அணிகள் இருந்தனவல்ல. ஆனால் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் படைப்பிரிவுகளும் தத்தமக்கென அணிகளை வைத்துக்கொண்டு, திறமையுள்ள வீராங்கனைகளுக்கு உத்தியோகம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பகலில் அலுவலகத்தில் வேலை, மாலையிற் பயிற்சி, விடுமுறை நாட்களிற் போட்டி என்பது அவ்வாழ்வின் ஒழுங்கு. தர்ஜினி செலான் வங்கியின் அணிக்காக ஆடினார். விளையாட்டினாலே ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் என்பதை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நேரிற் கண்டது இத்தகையோர் வாயிலாகவே.

கொழும்புக்குச் செல்வது அக்காலத்தில் எளிதானதொன்றன்று. ஏ-9 வீதி 2002ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து தலைநகருக்குச் செல்ல விரும்புவோர் விமானத்தையோ கப்பலையோ நம்ப வேண்டியவராயினர். சென்று சேர்ந்த பின்னரும் சோதனைச் சாவடிகளும் பதிவுகளும் இருந்தன. தேசிய அணியிலே பேச்சுமொழி சிங்களம். ஆட்டத்தின் நடுவே பந்தைக் கேட்கும் ஒரு சொல், எதிராளி நெருங்குவதை உணர்த்தும் ஒரு சொல், இவை அனைத்தும் அம்மொழியிலேதான் விரைந்து வரும். வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணொருவர் அவ்வணியின் நடுநாயகமாக விளங்கினார் என்பது, போர் நடைபெற்ற அந்த ஆண்டுகளிலே சாதாரண நிகழ்ச்சியாகாது.

அவருடைய ஆட்டத்தின் நுட்பத்தை அறிய விரும்புவோர் விதிகள் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வலைப்பந்தாட்டக் களம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் 3.05 மீற்றர் உயரமான கம்பங்களின் உச்சியிலே வளையங்கள் உள்ளன. வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர். கூடைப்பந்தாட்டத்திற் போலப் பின்னாலே பலகை கிடையாது. ஆதலினாலே, பலகையிற் பட்டுத் திரும்பி வளையத்துள் விழும் வாய்ப்பு இவ்வாட்டத்தில் இல்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கையிற் பெற்ற பந்தை மூன்று விநாடிக்குள் மற்றொருவருக்குக் கொடுத்தல் வேண்டும், அல்லது வளையத்தை நோக்கி எறிதல் வேண்டும். எழுவருள் இருவர் மட்டுமே எறிய உரிமையுடையவர்கள். அவர்களும் வளையத்தைச் சூழ்ந்த 4.9 மீற்றர் அரைவட்டத்துள் நின்றே எறியலாம். தர்ஜினி ஆடியது ‘கோல் ஷூட்டர்’ எனப்படும் எறிவாளரின் நிலையில். அந்நிலையிலுள்ளவர் களத்தின் மூன்றிலொரு பங்கை விட்டு வெளியே வரலாகாது.

208 சென்ரிமீற்றர் உயரமுள்ளவரின் தலைக்கும் 305 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள வளையத்துக்கும் இடையே எஞ்சுவது 97 சென்ரிமீற்றர் மட்டுமே. அவர் கைகளை உயர்த்திப் பந்தைத் தலைக்கு மேலே பிடித்தபோது, அது வளையத்துக்கு மிக அருகே நின்றது. தடுப்பவர் எறிபவரின் காலிலிருந்து 90 சென்ரிமீற்றர் தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது விதி. அத்தூரத்திலிருந்து எவ்வளவு பாய்ந்தாலும், அவ்வளவு உயரத்திலுள்ள பந்தைத் தொடுவது அரிது. இதனைக் கண்டோர் சிலர், “உயரமானவருக்கு இதிலே என்ன சிரமம், நின்ற இடத்திலே நின்று பந்தைப் போட்டுவிடலாமே” என்று கூறுவதுண்டு. வெளித்தோற்றத்துக்கு அது சரியெனப் படலாம். ஆட்டத்தை அறிந்தவர் அவ்வாறு கூறார்.

எறிவாளரின் உயரம் மிகுந்தால், எதிரணியினர் எறிதலைத் தடுப்பதைக் கைவிட்டு, பந்து அவரிடம் வந்து சேர்வதையே தடுக்க முனைவர். ஒருவர் அவருக்கு முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று, வளையத்தின் அருகிலிருந்து அவரை அங்குலம் அங்குலமாக அகற்றப் பார்ப்பர். உயரமான உடலிலே எடையின் நடுநிலை மேலே இருப்பதனால், சிறிய நெருக்குதலும் நிலை தடுமாறச் செய்யும். இடிக்காமலும், இடிபட்டாலும் அசையாமலும், ஒரு காலை ஊன்றித் தன் இடத்தைக் காத்துக்கொண்டு, உயர வரும் பந்தை இரு கைகளாலும் பற்றி, அதே மூச்சில் திரும்பி எறிதல் வேண்டும். ஓர் ஆட்டம் 60 நிமிடங்கள் நிகழும். அந்த 60 நிமிடமும் இதனையே நூறுமுறை செய்தல் வேண்டும். நெடிய உடலின் முழங்காலும் முதுகும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் நாள்தோறும் உடற்பயிற்சி தவறக்கூடாது.

இன்னுமொன்று. பந்தை அவருடைய கைகளுக்குக் கொண்டுசேர்க்கும் தோழியரின் திறமையும் இங்கே எண்ணத்தக்கது. எதிராளி எட்டாத உயரத்திலும், வளையத்துக்கு அப்பால் வெளியே போகாத அளவிலும், ஓடிக்கொண்டே பந்தை உயர எறிதல் எளிதன்று. சற்றே தாழ்ந்தால் இடையிலே பறிபோகும். சற்றே மிகுந்தால் எல்லைக் கோட்டைத் தாண்டும். இலங்கை அணி இந்த உயரப் பந்து முறையை ஒரு கலையாகவே வளர்த்துக்கொண்டது. அணிக்கு அது பலமாயிற்று, அதுவே குறையுமாயிற்று. ஒருவரையே நம்பிய அணி, அவரிடம் பந்து சேரும் வழி அடைபட்டால் திகைத்து நிற்கும். அவுஸ்திரேலியா போன்ற வலிய நாடுகள் இலங்கையை எதிர்த்தபோது, நடுக்களத்திலேயே பந்தைப் பறித்து அவ்வழியை அடைத்தன. தர்ஜினியின் புகழைப் பாடுவோர் இதனையும் மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய இளமைக்கால வெற்றிகளுட் சிறந்தது 2009ஆம் ஆண்டில் மலேசியாவிலே நடைபெற்ற ஆசியச் சுற்றுப்போட்டி. இலங்கை அப்போட்டியை முன்னர் 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளில் வென்றிருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, தர்ஜினி எறிவாளராக நின்ற அணி ஆசியக் கிண்ணத்தை நான்காம் முறையாக நாட்டுக்குக் கொண்டுவந்தது. இலங்கையிலே போர் முடிந்ததும் அதே 2009ஆம் ஆண்டிலேதான். குடாநாட்டிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இழப்பிலும் துயரிலும் ஆழ்ந்திருந்த காலம் அது. மகிழ்ச்சிக்குரிய செய்திகள் அருகியிருந்த அவ்வேளையில், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவரின் பெயர் விளையாட்டுப் பக்கங்களிலே வந்தது. நாட்டின் பெயரைத் தாங்கிய அணிக்காக அவர் ஆடியதைப் பற்றி வெவ்வேறு கருத்துடையோர் இருந்திருக்கலாம். ஆயினும் ஆட்டக்களத்திலே தன் தொழிலைச் செவ்வனே செய்பவரை மதிக்காதவர் அரியர்.

2011ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே உலகப் போட்டி நடைபெற்றது. அங்கும் அவர் இலங்கைக்காக ஆடினார். அதே ஆண்டிலே, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள ‘சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ்’ என்னும் அணி, விக்ரோறியா மாநில லீக் போட்டிகளிலே ஆடும்பொருட்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனையொருவர் அயல்நாட்டு லீக் போட்டியில் ஆடச் சென்றது இதுவே முதன்முறை. உலகிலே இவ்வாட்டத்தில் முதன்மை பெற்ற நாடு அவுஸ்திரேலியா. அங்கே சிறுமியர் ஐந்து, ஆறு வயதிலேயே பந்தைத் தொடுகின்றனர். வாரந்தோறும் போட்டி, உடற்பயிற்சிக்குத் தனி ஆசிரியர், காயத்துக்கு மருத்துவர், உணவுக்கு அறிவுரை என யாவும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அத்தகைய நாட்டிலே நாள்தோறும் பயின்று, தன்னைத் தடுக்கும் வழிகளை நன்கறிந்த தடுப்பாளர்களோடு மோதியமையால் ஓர் ஆட்டக்காரி அடையும் முதிர்ச்சி பெரிது. மொழியும் குளிரும் உணவும் புதிது. ஊரோ வெகு தொலைவு. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வதும் ஒரு விளையாட்டு வீராங்கனையின் தொழிலில் அடங்கியதே.

பெண்களுக்கு விளையாட்டு ஒரு தொழிலாகியது உலகளவிலும் அண்மைக்கால நிகழ்ச்சியே. டென்னிஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில், பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள், ஆண்களுக்கு வழங்கும் பரிசுப் பணத்துக்கும் தமக்கு வழங்குவதற்கும் இடையே இருந்த பெரும் வேற்றுமையைப் பொறாது, ஆளுக்கு ஒரு டொலர் பெற்று ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டுத் தனிப் போட்டிகளைத் தொடங்கினர். 1973ஆம் ஆண்டிலே பெண்கள் டென்னிஸ் சங்கம் அமைந்தது. இந்த வழி திறந்த பின்னரே கோயம்புத்தூரிற் பிறந்த நிருபமா வைத்தியநாதன் போன்ற தமிழ்ப் பெண்கள் உலகைச் சுற்றி ஆட முடிந்தது. அவர் 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் பிரதான சுற்றில் இத்தாலிய வீராங்கனை ஒருவரை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரருக்கும் வழிதிறந்த 1968ஆம் ஆண்டுக்குப் பின்னர், மாபெரும் போட்டியொன்றின் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்கு உண்டு.

டென்னிஸ் தனியாள் ஆட்டம். வென்றவருக்கு உடனே பரிசுப் பணம் உண்டு. தோற்றவர் தன் செலவிலே ஊர் திரும்ப வேண்டும். வலைப்பந்தாட்டமோ குழுவாட்டம். ஒலிம்பிக் போட்டிகளிலே அதற்கு இடமில்லை. உலகின் பெரும்பகுதி அதனை அறியாது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2008ஆம் ஆண்டிலே ஒரு பெரும் லீக் போட்டியை அமைத்த பின்னரே, அவ்விரு நாடுகளிலும் வீராங்கனைகள் ஓரளவு சம்பளம் பெற்று ஆடத் தொடங்கினர். ஆதலின் டென்னிஸ் வீராங்கனைக்கு இருந்த நேரான பாதை தர்ஜினிக்கு இருக்கவில்லை. வங்கி உத்தியோகமும், தேசிய அணியும், அயல்நாட்டு மாநில லீக் போட்டியும் எனத் துண்டு துண்டாகக் கிடைத்த வாய்ப்புகளை ஒன்றோடொன்று இணைத்தே தன் விளையாட்டு வாழ்வை அவர் அமைத்துக்கொண்டார். வசதி குறைந்த நாடுகளின் பெண்கள் பலருக்கும் இதுவே வழியாக உள்ளது.

2009ஆம் ஆண்டின் வெற்றிக்குப் பின்னர் ஆசியக் கிண்ணம் நெடுங்காலம் இலங்கைக்குக் கிட்டவில்லை. 2012ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரும், 2016ஆம் ஆண்டில் மலேசியாவும் அதனை வென்றன. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே சிங்கப்பூரில் நடைபெற்ற சுற்றுப்போட்டிக்கு, திலகா ஜினதாச பயிற்றுவிக்க, சத்துரங்கி ஜயசூரிய தலைமை தாங்கிய இலங்கை அணி சென்றது. அவ்வணியிலே 39 வயதான தர்ஜினியும் இருந்தார். எழிலேந்தினி சேதுகாவலர் என்ற மற்றொரு தமிழ் வீராங்கனையும் இருந்தார். இறுதியாட்டத்திலே சிங்கப்பூரை 69க்கு 50 என்ற கணக்கில் வென்று, இலங்கை ஐந்தாம் முறையாக ஆசியச் சம்பியனாயிற்று.

அடுத்த ஆண்டு, 2019 ஜூலை மாதத்திலே, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நிகழ்ந்தது. சிங்கப்பூருக்கு எதிரான ஓராட்டத்திலே இலங்கை 88க்கு 50 என வென்றது. அந்த 88 கோல்களுள் 76 தர்ஜினியின் கையிலிருந்து சென்றவை. அவர் எறிந்ததோ 78 தடவைகள் மட்டுமே, தவறியவை இரண்டு. அப்போட்டித் தொடர் முழுவதிலும் அவர் இட்ட கோல்கள் 348. அத்தொடரில் வேறெந்த நாட்டு வீராங்கனையும் அத்தனை கோல்களை இடவில்லை. இலங்கை அணி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றதாயினும், அதன் எறிவாளர் முதலிடத்தில் நின்றார். நாற்பதைக் கடந்த பின்னரும் அவர் களத்தை விட்டு அகலவில்லை. 2022ஆம் ஆண்டிலே இலங்கை ஆறாம் முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

யாழ்ப்பாணத்து விளையாட்டு வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விடத்திலே மற்றொரு பெயர் நினைவுக்கு வரும். யாழ். மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப்பதக்கம் அது. அவர் பாய்ந்து கடந்த கோலின் உயரத்தை விடத் தர்ஜினியின் உயரம் 5 சென்ரிமீற்றர் மிகுதியானது. முன்னவர் உயரத்தைப் பாய்ந்து வென்றார். பின்னவர் தன்னோடு பிறந்த உயரத்தைப் பழகி வென்றார். முன்னவரின் பெயரைச் சொல்லி ஆண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிய குடாநாடு, பின்னவரின் பெயரைச் சொல்லிப் பெண்பிள்ளைகளை அனுப்புகின்றதா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை? ஒரு பிள்ளையின் உடலமைப்பு எவ்வாறாயினும், அதற்குப் பொருத்தமான ஆட்டம் ஒன்று உலகில் இருக்கின்றது. நெடியவர்க்கு வலைப்பந்தும் கரப்பந்தும் உயரம் பாய்தலும், குறுகியவர்க்கு மெய்வன்மை ஆட்டங்களும் நெடுந்தூர ஓட்டமும், வலியவர்க்குக் குண்டெறிதலும் பாரந்தூக்கலும் உள்ளன. அதனைக் கண்டறிந்து பிள்ளைக்குக் காட்டுபவர் பெரும்பாலும் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரே. ஆசிரியரின் கண்ணிற் படாத பிள்ளையோ, தன் உடலைக் குறையென்றே எண்ணிக் கூனி நடந்து வாழ்நாளைக் கழித்துவிடும். ஈவினையிலே பிறந்த பிள்ளைக்கு அவ்விதி நேராமற் போனது நற்பேறு. அவ்விதி நேர்ந்தவர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டவர் எவருமிலர்.

பாடசாலை முடிந்த பின்னர் ஆடுவதற்கு இடமும், தொழிலோடு ஆட்டத்தை இணைக்கும் வழியும் குடாநாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்பது அடுத்தது. தர்ஜினி மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் மெல்பேர்ணுக்கும் சென்றே தன் ஆட்டத்தை வளர்த்தார். அவ்வளவு தூரம் செல்லும் துணிவும் வாய்ப்பும் எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை. யாழ்ப்பாணத்திலும் வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வணிக நிறுவனங்களும் இருக்கின்றன. அவை தத்தமக்கென ஒரு பெண்கள் அணியை வைத்து, மாலையில் ஒரு மணிநேரம் பயில இடங்கொடுத்தால், பதினெட்டு வயதில் பந்தை வைத்துவிடும் வழக்கம் தானே மாறும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பெற்றோருக்கு உரியது ஒன்று எஞ்சியுள்ளது. மகள் உயரமாக வளர்ந்தால் அவளை நிமிர்ந்து நடக்கச் சொல்லுங்கள். அயலார் சிரித்தால் அது அவர்களுடைய குறை. கையிலே ஒரு பந்தைக் கொடுத்து, மாலை வெயில் தணிந்தபின் பாடசாலை மைதானத்துக்கு அனுப்புங்கள். அவள் உலகக் கிண்ணத்தில் ஆடுவாள் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆடாமற் போனாலும் குற்றமில்லை. தன் உடலை வெறுக்காமல், தோழியரோடு ஓடி விளையாடி வளர்ந்த பெண் என்ற நலன் அவளுக்கு வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும்.